கம்ப்யூட்டரில் எழுத்து கோக்கிறவள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்த வாரத்தில் தங்கள் நாளிதழோடு வந்த உயர்கல்வி வழிகாட்டி இணைப்பை முழுவதும் படித்தேன். படிப்புகளின் பட்டியலும் உதவித்தொகை விவரங்களும் எங்கள் பக்கத்துப் பெற்றோருக்கு மிகவும் உதவும். என்னைச் சங்கடப்படுத்தியது கடைசிப் பக்கக் கட்டுரையில் பெட்டி கட்டிப் போட்டிருந்த அறிவுரை. பதினேழு வயதில் ஒரு துறையைப் பிடித்தால் ஓய்வு பெறும்வரை விடக்கூடாது, துறை மாறிக்கொண்டே இருப்பவர்கள் எதிலும் தேறமாட்டார்கள் என்ற பொருளில் அது இருந்தது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்ற பழமொழியும் கூடவே இருந்தது.

எங்கள் தெருவில் பட்டாசு ஆலைக்குப் போகிற ஒருவர் அந்தப் பெட்டியை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். நன்றாகப் படம் வரைவாள், கம்ப்யூட்டரும் பிடிக்கும். காட்சித் தொடர்பியலா, கணினி அறிவியலா என்று அவள் குழம்பிக்கொண்டிருக்கிறாள். "ரெண்டு ஆசை இருக்குன்னு சொல்றா அக்கா. பேப்பர்லயே போட்டிருக்கான் பாருங்க, ரெண்டுங்கெட்டானா போயிருவான்னு" என்றார். அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. அவருக்கு வாயால் சொன்னது போதவில்லை என்பதால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

நான் 1976-ல் பிறந்தவள். அப்பா சிவகாசியில் ஒரு டிரெடில் அச்சகத்தில் அச்சுக்கோர்ப்பவர். 1993-ல் நான் பிளஸ் டூ முடித்தபோது கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வசதி இல்லை. டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனேன். 'யளனகப' என்று மாதக்கணக்கில் அடித்துத் தமிழ் லோயர், ஹையர் இரண்டும் தேறினேன். 1995-ல் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில், கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபி வேலை கிடைத்தது. சம்பளம் 900 ரூபாய். பேஜ்மேக்கர் என்ற மென்பொருளும் பாமினி என்ற தமிழ் எழுத்துருவும்தான் கருவிகள். பாமினியின் விசைகள் டைப்ரைட்டர் வரிசையிலேயே இருந்ததால் முதல் நாளே கை ஓடியது. அடித்ததை டிரேசிங் தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து, ஒட்டி, பிளேட் போட அனுப்புவோம்.

சிவகாசியில் அச்சுத் தொழில் என்றால் காலண்டர். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பம் வெளிவரும். அதற்குப் பிறகு மார்கழி வரை தூக்கம் கிடையாது. என் முதல் தினசரி காலண்டரில் அத்தனை தாள்களையும் ஒவ்வொன்றாக அடித்தேன். தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், பரிகாரம் என்று ஒவ்வொரு தாளிலும் பத்துப் பன்னிரண்டு விவரங்கள். ஒரு வியாழக்கிழமைத் தாளில் ராகு காலம் 1.30 முதல் 3 வரை என்று இருக்க வேண்டிய இடத்தில் சனிக்கிழமைக்குரிய 9 முதல் 10.30 வரை என்பது விழுந்துவிட்டது. மெய்ப்பு பார்த்தவர் கண்ணிலும் படவில்லை. அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தத் தாள் இருந்த ஃபாரம் (ஒரே ஓட்டத்தில் அச்சாகும் பெரிய தாள்) முழுவதையும் திரும்ப ஓட்ட வேண்டியதாயிற்று.

முதலாளி அண்ணாச்சி திட்டவில்லை. "கை இருந்தா தப்பும் இருக்கும்மா. தப்பு வர்றதுக்கு எடம் இல்லாத மாதிரி வேலையை வச்சுக்கோ" என்றார். அன்று இரவெல்லாம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ராகு காலம், எமகண்டம், குளிகை மூன்றும் கிழமையோடு கட்டுப்பட்டவை. சூலமும் அப்படித்தான். வியாழன் என்றால் தெற்கே சூலம், தைலம் பரிகாரம். வெள்ளி என்றால் மேற்கு, வெல்லம். திதியும் நட்சத்திரமும்தான் நாளுக்கு நாள் மாறுகின்றன. மாறாததை எதற்கு 52 தடவை அடிக்க வேண்டும்? அடுத்த ஆண்டு கிழமைக்கு ஒன்றாக ஏழு மாஸ்டர் பக்கங்கள் செய்து, மாறுவதை மட்டும் தனியாக அடித்தேன். வேலை பாதியானது. கிழமைப் பிழை அதன் பிறகு என் காலண்டரில் வரவே இல்லை.

சில ஆண்டுகள் கழித்து இணையதளம் கட்டக் கற்றுக்கொண்டபோது, மாறுகிற தரவு ஒரு பக்கம், மாறாத வார்ப்புரு (டெம்ப்ளேட்) ஒரு பக்கம் என்று பிரித்து வைக்கச் சொன்னார்கள். கூடப் படித்தவர்கள், கல்லூரி முடித்தவர்கள், அதைப் பிடிக்கத் தடுமாறினார்கள். எனக்கு அது ராகு காலமும் திதியுமாகத் தெரிந்தது. நான் நிரல் எழுதுகிறவளாக ஆனது 2001-ல் மதுரையில் இணைய வடிவமைப்பு வேலைக்குச் சேர்ந்த அன்று அல்ல. அது அந்த அச்சகத்தில் ஒரு வியாழக்கிழமைத் தாளில் நடந்தது. கட்டுரையாளர் இந்த இரண்டையும் இரண்டு துறைகள் என்று எழுதுவார். எனக்கு அப்படி எழுத வரவில்லை.

மதுரையில் செய்தது தமிழ் இணையதளங்கள். அன்றைய நிலை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்திருப்பார்கள். பார்க்கிறவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால், 'அம்மா' என்று நாங்கள் அடித்தது அவருக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். அதனால் ஒவ்வொரு தளத்தின் முகப்பிலும் எழுத்துருவை இறக்கிக்கொள்ளச் சொல்லி ஒரு வரி இருக்கும். தேடினாலும் எதுவும் கிடைக்காது. கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கிற பொது முறையான யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் மேசைக்கு வந்து சேர விண்டோஸ் 2000, எக்ஸ்பி வரை ஆனது. எக்ஸ்பியிலும் தமிழ் சரியாகத் தெரிய குறுந்தகட்டைப் போட்டு ஒரு வசதியைத் தனியாக நிறுவ வேண்டும். பழைய கோப்புகளையெல்லாம் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும் என்ற நிலை வந்தபோது அலுவலகத்தில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. என் வாழ்க்கையில் நான் மிகவும் நேசித்த வேலை அதுதான். கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள்.

பழைய எழுத்துருவில் 'கொ' என்று அடிக்க, கண்ணில் தெரிகிற வரிசைப்படி கொம்பு, க, கால் என்று மூன்றைத் தட்டுவோம். யூனிகோடில் க முதலில், அதன்பின் ஒகரக் குறி. கொம்பைப் பிடித்து எழுத்துக்குப் பின்னால் தள்ள நிரலுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் முடிந்தது. தலைவலி ஔகாரத்தில் வந்தது. பழைய கோப்பில் 'கௌரவம்' என்பதைக் கொம்பு, க, ள என்று அடித்திருப்பார்கள். 'கெளிறு' மீனுக்கும் அதே கொம்பு, அதே க, அதே ள. முதல் தடவை நான் எழுதிய நிரல் எல்லா இடத்திலும் ஔகாரம் போட்டு, சமையல் குறிப்பிலிருந்த கெளிற்றைச் சிதைத்துவிட்டது. ள-வுக்குப் பின்னால் புள்ளியோ, இகரக் குறியோ வந்தால் அது எழுத்து, வராவிட்டால் ஔகாரம் என்று விதியைத் திருத்தினேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில் கரிசல் வட்டாரப் பேச்சில் எழுதிய சிறுகதைகளின் கோப்பு ஒன்று வந்தது. அதில் 'வெளக்கமாறு' இருந்தது. 'வெளயாட்டு' இருந்தது. இரண்டிலும் ள-வுக்குப் பின்னால் குறி எதுவும் இல்லை. நிரல் வெளக்கமாற்றை ஔகாரம் போட்டு மாற்றியது. வௌவாலுக்கு அந்த விதி சரி. எங்கள் ஊர் வெளக்கமாற்றுக்குச் சரியில்லை.

இதற்கு விதி கிடையாது. பட்டியல்தான் உண்டு. அந்தப் பட்டியலை யார் போடுவது? கூட இருந்த பொறியாளர் என்னைவிட நூறு மடங்கு நிரல் தெரிந்தவர். அவர் வீட்டில் அப்படிப் பேசுகிறவர்கள் இல்லை. என் ஆச்சி பேசியதை நினைத்து நினைத்து, வெளக்கு, வெளஞ்சது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொடுத்தேன். அவர் அதை நிரலில் சேர்த்தார். அன்றைக்கு எனக்கு உதவியது டைப்ரைட்டிங் வகுப்பா, டிடிபியா, நிரல் பயிற்சியா, ஆச்சியா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. பிழையான ஔகாரம் இன்றும் இணையத்தில் ஏராளமாக இருக்கிறது. 'கௌரவம்' என்று சரியாக அடித்துத் தேடினால் கொம்பும் ள-வுமாகக் கிடக்கும் பக்கங்கள் அகப்படாமல் போகலாம், கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தாலும்.

அந்த நாட்களில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். நான் இணையம், நிரல் என்று ஏதோ தொடங்கினேன். அப்பா குறுக்கிட்டு, "கம்ப்யூட்டர்ல எழுத்து கோக்குறா" என்றார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. ஆனால் என் வேலைக்கு அப்பா வைத்த பெயரைவிடப் பொருத்தமான பெயரை இதுவரை எந்த நிறுவனமும் எனக்கு எழுதிக்கொடுத்ததில்லை.

2007-ல் சென்னைக்குப் போனேன். பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடங்களை ஃபிளாஷ் என்ற மென்பொருளில் அசைபடமாகச் செய்கிற நிறுவனம். கதைப்பலகை வரைவது, வசனம் எழுதுவது, குரல் கொடுக்க வருபவர்களைப் பேசவைப்பது எல்லாம் செய்தேன். ஒரு நொடிக்கு 12 சட்டங்கள் (ஃபிரேம்). 'ழ'வுக்கு நாக்கு மடங்க எத்தனை சட்டம் வேண்டும் என்று எண்ணி எண்ணி வரைந்தோம். 2012-ல் அந்த நிறுவனம் மூடிக்கொண்டது. நான்கு மாதச் சம்பளம் வரவே இல்லை. 2020 டிசம்பர் 31-உடன் அடோபி ஃபிளாஷை நிறுத்தியபோது, நாங்கள் ஐந்து ஆண்டு செய்த பாடங்கள் எந்தப் பள்ளிக் கணினியிலும் திறக்காமல் போயின. அதற்காக அழுதிருக்கிறேன். கதைப்பலகை நோட்டுகள் மட்டும் பரணில் இருக்கின்றன.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் 2013-ல் திருத்தங்கலுக்குத் திரும்பினேன். அதன் பிறகு வீட்டிலிருந்துதான் எல்லா வேலையும். பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை மின்னூலாக்கிக் கொடுத்தேன். பிறகு படங்களின் அடியில் ஓடும் வசன வரி (சப்டைட்டில்) எழுதும் வேலை. அதைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். திரையில் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது, 7 நொடிக்கு மேல் நிற்கக் கூடாது, வரிக்கு இத்தனை எழுத்து என்று கணக்கு கொடுப்பார்கள். 'தமிழ்' என்ற சொல்லுக்கு நம் கண்ணில் மூன்று எழுத்து. மென்பொருள் ஐந்து என்று எண்ணும், ஏனென்றால் இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. தமிழ் வரி அளவுக்கு மீறி நீள்கிறது என்று திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பினார்கள். எண்ணும் முறை தமிழுக்குப் பொருந்தவில்லை என்று உதாரணங்களோடு எழுதி அனுப்பினேன், கணக்கைத் தளர்த்தினார்கள். எழுத்து உள்ளே எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று அந்த ஔகாரத்தோடு மல்லுக்கட்டிய காலத்தில் தெரிந்துகொண்டிருக்காவிட்டால், மொழிபெயர்ப்பாளர்களில் ஒருத்தியாகத் தலையாட்டிவிட்டு நல்ல வசனங்களை வெட்டிக்கொண்டே இருந்திருப்பேன். ஒரு வசனம் எத்தனை நொடி நின்றால் ஒரு குழந்தைகூடப் படிக்கும் என்பது ஃபிளாஷ் சட்டங்களை எண்ணிய கைக்குத் தெரிந்தே இருந்தது.

2017 முதல் எழுத்துரு வடிவமைப்பவர்களுக்குச் சோதித்துக் கொடுக்கிறேன். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து 13 எழுத்துகளின் வடிவம் மாறியது பலருக்கு நினைவிருக்கும். பழைய ணை, லை, ளை, னை ஆகியவற்றின் ஈய வார்ப்புகளை எழுத்துப் பெட்டியான கேஸிலிருந்து எடுத்து உருக்கப் போட்டதை அப்பா அடிக்கடி சொல்வார். இப்போது சில எழுத்துருக்களில் அந்தப் பழைய வடிவங்களையும் மாற்று வடிவமாக உள்ளே வைக்கிறார்கள். ஒரு நாள் அவற்றைத் திரையில் சோதித்துக்கொண்டிருந்தபோது கட்டிலில் இருந்த அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அந்த 'லை'யின் சுழி கொஞ்சம் அதிகமாக மேலேறி இருக்கிறது, பக்கத்து எழுத்தில் இடிக்கும் என்றார். வடிவமைத்தவருக்கு அதை எழுதினேன், சுழியைக் குறைத்தார். 2019-ல் அப்பா காலமானார்.

ஊரடங்குக் காலத்தில் ஒலிநூல் தொகுக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. புடவை அலமாரிக்குள் ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்து கொடுத்தேன். அதுவும் இன்றுவரை நடக்கிறது.

இதெல்லாம் இனிப்பாகவே இருந்தது என்று அந்தப் பெண்ணின் அப்பாவிடம் நான் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லமாட்டேன். சேமநல நிதியில் (பி.எஃப்.) ஓய்வூதியம் கிடைக்க 10 ஆண்டு பணி வேண்டும். என் கணக்கில் ஆறு ஆண்டுதான் இருக்கிறது. மிச்ச இடங்களில் பிடித்தமே செய்யவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. வீட்டைப் பழுது பார்க்கக் கடன் கேட்டபோது, விண்ணப்பத்தின் 'தொழில்' கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று ஆண்டு ஒரே வருமானம் காட்ட முடியாததால் கடன் மறுக்கப்பட்டது. தனியாக வேலை செய்யத் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளில் கூலியில் நூற்றுக்குப் பத்து வரிப் பிடித்தம் போனது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும் என்று சொல்ல ஆளில்லை. அந்தப் பணம் போனது போனதுதான். மருத்துவக் காப்பீடு எடுத்ததே அப்பா ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு.

தங்கள் இணைப்பில் இதையெல்லாம் எழுதுங்கள் என்று கேட்கிறேன். துறை மாறாதே என்று பயமுறுத்துவதைவிட, மாறும்போது எதைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும் என்று சொல்லுங்கள். சேமநல நிதிக் கணக்கை எப்படித் தொடர்வது, வரிக் கணக்கை எப்போது தாக்கல் செய்வது, ஒப்பந்தத்தில் எந்த வரியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது, செய்த வேலைகளின் மூலக் கோப்புகளை எப்படிப் பாதுகாத்து வைப்பது. ஒரு மென்பொருள் செத்தால் அதோடு சாகாத வேலை எது என்று, அந்த வேலை செய்தவர்களையே எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். காலண்டருக்குச் சாமி படம் வரைந்துகொண்டிருந்து இன்று கணினி விளையாட்டுகளுக்குப் பின்னணி வரைகிறவர் ஒருவர். பிளேட் போட்டுக்கொண்டிருந்து திரைப்பட வண்ணச் சீரமைப்புக்குப் போனவர் ஒருவர். நான்கு வண்ண மையில் எந்த மஞ்சள் பச்சையடிக்கும் என்று அவருக்கு இருபது வயதிலேயே தெரியும்.

அந்தப் பழமொழியில் வரும் தச்சன் மரத்துக்கு மரம் தாவிக்கொண்டிருந்தவன். எங்களைப் போன்றவர்கள் ஒரே மரத்தில்தான் இருந்தோம். உளிதான் மாறியது, சில சமயம் எங்களைக் கேட்காமலே மாறியது.

அந்தப் பெண்ணுக்கு எந்தப் படிப்பு என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கணினி அறிவியல் சேர்ந்தாலும் வரைவதை விடாதே, காட்சித் தொடர்பியல் சேர்ந்தாலும் நிரல் எழுதிப் பழகு என்று மட்டும் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. அவள் அப்பாவுக்குப் புரியவில்லை. கத்தரித்த துண்டு இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. கல்லூரி விண்ணப்பத்துக்குச் சில நாட்களே மிச்சம். அக்கா சொன்னால் நம்பாதவர், உங்கள் பேப்பரில் வந்தால் நம்புவார். கடிதம் நீளமாகிவிட்டது என்று தெரியும். பாதியாக வெட்டியாவது, அதற்குள் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
திருத்தங்கல், விருதுநகர் மாவட்டம்